கத்திரிப்பூவுக்கு ஏழாவது இங்க்

அக்டோபர் 1, புதன்

இந்த டைரி எங்கள் பிரஸ்ஸிலேயே அச்சான கழிவு. பைண்டிங்கில் ஜனவரி முதல் செப்டம்பர் வரை தலைகீழாகப் போய்விட்டது. அக்டோபரிலிருந்துதான் நேர். வருடம் முழுக்க எழுதும் பொறுமை எனக்குக் கிடையாது, ஆகவே எனக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. எடைக்குப் போகவிருந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இன்று ஆயுத பூஜை. கோயமுத்தூர் கணபதியில் எங்கள் தெரு முழுக்கப் பட்டறைகள், வாசலுக்கு வாசல் உடைந்த பூசணிக்காய். எங்கள் பிரஸ்ஸில் இந்த வருடம் விசேஷம் அதிகம். புது மெஷின் வந்திருக்கிறது. சாதாரண மெஷினில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு இங்க். இதில் அதற்கு மேல் ஆரஞ்சு, பச்சை, வயலெட். இதை வாங்கச் சொல்லி முதலாளி நாச்சிமுத்து அண்ணனை நச்சரித்தது நான். இந்த மூன்றும் இருந்தால் உலகத்தில் அடிக்க முடியாத கலரே இல்லை என்று சத்தியம் செய்யாத குறை. அதனால் பொட்டு வைக்கும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன்.

சந்தனத்தில் கொஞ்சம் மஞ்சள்தூளும் சேர்த்துக் குழைத்தேன், எடுப்பாகத் தெரியட்டும் என்று. இங்க்குக்கு ஒன்றாக மெஷினில் இருக்கும் ஏழு யூனிட்டுக்கும் ஏழு பொட்டு. பிறகு கட்டிங் மெஷின், கம்ப்யூட்டர், தராசு, தள்ளுவண்டி, தண்ணீர் மோட்டார். கடைசியில் கலர் அளக்கும் கருவி. உள்ளங்கையில் அடங்குகிற சாமான்தான். அதன் பெட்டிக்குள் ஒரு வெள்ளை டைல் இருக்கிறது. தினமும் காலையில் கருவியை அதன் மேல் வைத்தால்தான் வெள்ளை என்றால் என்ன என்று அதற்குப் புத்தியில் ஏறும், அப்புறம்தான் மற்ற கலரை அளக்கும். எல்லாருக்கும் வைத்துவிட்டு அந்த டைலை மட்டும் வெறும் நெற்றியாக விட மனசு வரவில்லை. அதற்கும் நடுவில் ஒன்று வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

பூஜை முடிந்து பிரஸ் திறந்தது. ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன். பொரி மட்டும் மெஷின் சந்துகளிலிருந்து இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அக்டோபர் 4, சனி

வேலை இதுதான். ஒரு பெரிய பட்டுக்கடைக்குக் கல்யாணப் புடவைப் பெட்டி அடிக்க வேண்டும். அவர்களுக்குக் கத்திரிப்பூ கலர்தான் அடையாளம். நாலு இங்க்கில் அந்தக் கலர் வரவே வராது, ஒன்று நீலத்துக்கு ஓடும், இல்லையென்றால் பீட்ரூட்டுக்கு ஓடும். ஏழாவது இங்க் வயலெட் இருப்பதே அதற்குத்தான். மாதிரி பிடித்துப்போனால் அவர்களுடைய பெட்டி வேலை முழுவதும் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் என் வாய்ச்சவடாலுக்கு வாங்கிய மூன்று யூனிட்டும் சும்மா நிற்கும். நானும் அவற்றின் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான்.

முதலில் ஏழு இங்க்கையும் ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். கட்டம் கட்டமாகக் கலர் அடித்த ஷீட்டை அளந்து, எந்த இங்க் கூட, எந்த இங்க் குறைவு என்று பார்த்துத் திருத்தி, மறுபடி அடித்து, மறுபடி அளக்க வேண்டும். வேண்டிய கலருக்கும் வந்த கலருக்கும் உள்ள வித்தியாசத்தை டெல்டா என்கிறோம். அது இரண்டுக்குள் இருந்தால் பாஸ்.

அக்டோபர் 9, வியாழன்

டெல்டா 1.1! முதல் வாரத்திலேயே. எனக்கு நானே ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

மெஷின் ஓட்டும் ஆரோக்கியசாமி அண்ணன்தான் சந்தோஷத்தைக் கெடுத்தார். ஷீட்டை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மஞ்சளாட்டந் தெரியுதுங்க மேடம்" என்றார். கருவி 1.1 காட்டுகிறது, இவர் மஞ்சள் என்கிறார். மனுஷன் கண்ணுக்கு வயசாகும், கருவிக்கு ஆகாது. கண்ணைக் கொஞ்சம் டெஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள், மஞ்சள் காமாலையாகக்கூட இருக்கலாம் என்று அக்கறையாகச் சொன்னேன். உண்மையிலேயே அக்கறைதான்.

அக்டோபர் 13, திங்கள்

ஆரோக்கியண்ணன் நிஜமாகவே ரத்தப் பரிசோதனை செய்துவிட்டார். காமாலை இல்லையாம். இருந்தாலும் அவர் சம்சாரம் நம்பவில்லை, தினமும் காலையில் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கிறாராம். மெஷின் ஓரமாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டே ஏப்பம் விடுகிறார்.

டீ கொண்டுவரும் சரசக்காவும் ஷீட்டைப் பார்த்து "சாம்பார் ஊத்திட்டீங்களா" என்று கேட்டார். அவருக்கும் டெஸ்ட் எழுதிக் கொடுக்கலாமா என்று யோசித்து, டீ நின்றுவிடும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

எல்லாருடைய கண்ணும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது. அறையில்தான் ஏதோ கோளாறு. ஷீட் பார்க்கும் மேசையின் விளக்கை மாற்றினேன். சுவருக்குச் சாம்பல் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். மஞ்சள் சட்டை போட்டவர்கள் உள்ளே வரக்கூடாது, துணியின் நிறம் ஷீட்டில் அடிக்கும் என்று கதவில் எழுதி ஒட்டினேன்.

பத்து மணிக்கு முதலாளி சந்தனக் கலர் சட்டையில் வந்தார். நான் கதவைக் காட்டினேன்.

"ஏனம்மணி, என்ற பிரஸ்ஸுல நான் எந்தச் சட்டை போடோணும்னு நீதான் சொல்லுவியா?"

ஜன்னல் வழியாகவே பேசிவிட்டுப் போனார். டெல்டா 0.9.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் இன்னும் கொஞ்சம் சிவந்திருக்கலாம். அளக்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

பட்டுக்கடையிலிருந்து விசாலம் மேடம் வந்தார்கள். பெட்டி, பை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் அவர்கள் ஓகே சொன்னால்தான் நடக்கும். மாதிரிப் பெட்டியைக் கையில் எடுத்தார்கள். நான் டெல்டா எண்ணைக் காட்டினேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது கத்திரிப்பூ இல்லம்மா. பிரிட்ஜுல நான் மறந்துபோய் வெச்ச கத்திரிக்கா."

நவம்பர் 21-ம் தேதி மறுபடி வருவார்களாம், அதுதான் கடைசியாம். அவர்கள் போன பிறகு முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. அன்றைக்கும் இப்படியே என்றால் கூடுதல் மூன்று யூனிட்டையும் கவர் போட்டு மூடிவிடலாம், நீயும் பழையபடி அச்சுத் தகடு எடுக்கிற பிளேட் ரூமுக்கே போய்விடு என்றார். பாத்ரூமில் போய் அழுதேன். முகம் கழுவி வந்து மறுபடி அளந்தேன். எண்கள் அத்தனையும் சரி.

கருவி சரி, விளக்கு சரி, சுவர் சரி. மிச்சம் இருப்பது இங்க்தான். வயலெட் இங்க் தரமில்லை என்று இங்க் கம்பெனிக்குக் கடுமையாக ஒரு மெயில் போட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

திருச்சியிலிருந்து இங்க் கம்பெனி ஆள் வந்தார். பெயர் முகுந்தன், டெக்னீஷியன். கன்னத்தில் பேனா மை. கம்பெனிக்காரர்கள் எல்லாரும் முதலில் உங்கள் பேப்பர் சரியில்லை என்பார்கள், இவர் அப்படிச் சொல்லவில்லை. ஷீட்டை வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மஞ்சளாத் தெரியுதுங்களே என்றார்.

உங்களுக்குக் காமாலை வந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"அஞ்சாங்கிளாஸ்ல வந்துச்சுங்க. இப்ப பரவாயில்லை."

கிண்டலா பதிலா என்று தெரியவில்லை. அவருடைய கருவி சர்வீசுக்குப் போயிருப்பதால் என்னுடையதை வைத்தே அளந்தார். என் எண்தான் அவருக்கும் வந்தது. வேறென்ன வரும்.

நவம்பர் 3, திங்கள்

புது வயலெட் டின் வந்தது. அதே டெல்டா, அதே அழுகல் கத்திரிக்காய். முகுந்தன் காந்திபுரத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருக்கிறார். மத்தியானம் எங்களோடுதான் சாப்பாடு. ஆரோக்கியண்ணனின் கீழாநெல்லி மோரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் அண்ணனை மிகுந்த மரியாதையோடு நடத்துகிறார்.

நவம்பர் 5, புதன்

மற்ற சேலைகள் எல்லாம் துவைக்கப் போட்டிருந்ததால் புதுப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு போகவேண்டி வந்தது. முகுந்தன் பார்த்துவிட்டு மயில் பச்சைங்களா என்றார். கலர் வேலை பார்ப்பவர், கேட்பது சகஜம்தான்.

அவர் டீ குடிக்கப் போனபோது முந்தானையை மேசையில் விரித்துக் கருவியால் அளந்தேன். பச்சை இல்லையாம், முக்கால்வாசி நீலமாம்! ஒப்பணக்கார வீதிக் கடைக்காரன் என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறான். அடுத்த தடவை கருவியோடுதான் சேலை எடுக்கப் போக வேண்டும்.

நவம்பர் 8, சனி

இங்க்கில் கோளாறு இல்லை என்று முகுந்தன் முடிவாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் கோளாறு என்னிடமா? முதலாளி முன்னால் வைத்தே கேட்டேன். முகுந்தன் மெதுவாகத்தான் பேசினார்.

"உங்களைச் சொல்லலைங்க. அந்தக் கருவியை ஒருதரம் செக் பண்ணிப் பாருங்களேன்."

அது தப்பு பண்ணாது என்றேன். கோபம் வந்துவிட்டது. அவருடைய மேலதிகாரிக்கு ஒரு லெட்டர் தட்டினேன். இங்க் தரமில்லை, அனுப்பிய ஆளுக்கு விஷயமும் போதாது. முதலாளி படிக்காமலே கையெழுத்துப் போட்டார், உடனே மெயிலில் அனுப்பினேன். சாயங்காலமே முகுந்தனைத் திருச்சிக்குத் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று எல்லாரிடமும் சொன்னார், என்னிடமும் சொன்னார். அதுதான் சங்கடமாக இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. பச்சைச் சேலையை மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். நீலச் சேலை என்று சொல்ல வேண்டுமோ.

நவம்பர் 12, புதன்

இங்க் டின் இறக்க வந்த டிரைவர் சொன்னார், முகுந்தனை இனி வெளியே அனுப்ப மாட்டார்களாம், குடோனில் டின் எண்ண வைத்துவிட்டார்களாம். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். முகுந்தன் எப்படி இருக்கிறார் என்று மட்டும்தான் கேட்டிருந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை பூஜை. சந்தனக் கிண்ணத்தோடு மெஷின், கட்டிங் மெஷின், கம்ப்யூட்டர் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தேன். கருவிப் பெட்டி திறந்திருந்தது. மோதிர விரல் தன் பாட்டுக்கு டைலை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. மழை விட்டு ஜன்னலில் சாய்வாக வெளிச்சம். டைலின் நடுவில், இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி, வட்டமாக ஒரு மஞ்சள்.

முதலில் இது என் வேலை இல்லை என்றுதான் நினைத்தேன். இந்த பிரஸ்ஸில் விரல் எனக்கு மட்டுமா இருக்கிறது? ஆரோக்கியண்ணனைக் கூப்பிட்டு விரலை டைல் பக்கத்தில் வைக்கச் சொன்னேன், பெரிதாக இருந்தது. பைண்டிங் மாரியப்பன் விரல் அதைவிடப் பெரிது. சரசக்காவின் விரல் மெல்லிசு. முதலாளியிடம் மோதிர விரலைக் காட்டச் சொன்னபோது, ஏதாவது மோதிரம் போடப்போகிறாயா என்று சந்தோஷமாக நீட்டினார். அவருடையதும் பொருந்தவில்லை. கடைசியில் யாரும் இல்லாதபோது என் விரலை வைத்தேன். அச்செடுத்த மாதிரி பொருந்தியது.

ஆயுத பூஜையிலிருந்து என் கருவி, மஞ்சள் பட்ட டைலைப் பார்த்து வெள்ளை என்றால் இதுதான் என்று நம்பியிருக்கிறது. அதனால் எதைப் பார்த்தாலும் மஞ்சள் போதவில்லை என்றது. அது கேட்கக் கேட்க நானும் மஞ்சளைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். ஊரில் அத்தனை பேருக்கும் காமாலை என்று சொன்னேனே, காமாலை கருவிக்குத்தான். அதை வரவழைத்தது என் கை.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். கறை அசையவில்லை. புது டைல் கேட்டால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம், பொங்கலாகிவிடும்.

இதுவரை யாருக்கும் தெரியாது.

நவம்பர் 15, சனி

வெள்ளை வேட்டியில் மஞ்சள் பட்டால் என்ன செய்வோம்? வெயிலில் போடுவோம், மஞ்சள் தானாகப் போய்விடும். டைலும் அப்படித்தானே. சத்தமில்லாமல் வெயிலில் காயவைத்து, சத்தமில்லாமல் பெட்டியில் வைத்து, சத்தமில்லாமல் மறுபடி கலர் செட் பண்ணிவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மழை.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. டைலோடு மொட்டை மாடியில் குடை பிடித்து நின்றேன். கீழ்வீட்டுக்காரர் பார்த்தார். பல்லி விழுந்த பலனுக்குப் பரிகாரம் என்று சொல்லிவைத்தேன்.

நவம்பர் 17, திங்கள்

லீவு போட்டேன், ஜுரம் என்று சொல்லி. வெயில்! ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரை. டைலை எவர்சில்வர் தட்டில் வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். ஒரு காக்கா அப்பளம் என்று நினைத்து இரண்டு தடவை வந்தது.

சாயங்காலம் எப்படிச் சாய்த்துப் பார்த்தாலும் வட்டம் தெரியவில்லை. குதித்தேன். பிறகு உட்கார்ந்தேன். வட்டம் தெரியவில்லை என்பது என் கண் சொல்வது. கண்ணை நம்பாதே என்று ஒன்றரை மாதமாக எல்லாரையும் விரட்டியவள் நான். டைல் உண்மையிலேயே வெள்ளையா என்று சொல்ல இன்னொரு கருவி வேண்டும். எனக்குத் தெரிந்து அது ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது, சர்வீசுக்குப் போனது இதற்குள் திரும்பியிருக்கும். அவர் குடோனில் டின் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 18, செவ்வாய்

போன் செய்தேன். பொட்டு, விரல், வெயில், காக்கா எல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"லெட்டரை முதல்ல மாத்துங்க. அப்புறம் வர்றேன்."

லெட்டரை மாற்றுவது என்றால் முதலாளியிடம் சொல்ல வேண்டும். சொன்னேன். அவர் டைலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சாமிக்கு வெச்ச பொட்டாலயா இத்தனையும்?"

"ஆமாங்கண்ணா."

"வெச்சதுல தப்பில்ல அம்மணி. அந்தப் பையன் பொழப்புல கை வெச்சே பாரு, அதுதான் தப்பு. என்னையும் கையெழுத்துப் போட வெச்சுட்டியே."

அவர் எதிரிலேயே புது லெட்டர் எழுதினேன். தவறு முழுவதும் எங்களுடையது, இங்க் சரி, முகுந்தன் முதல் நாளே சரியாகச் சொன்னார், நாங்கள்தான் கேட்கவில்லை. இந்தத் தடவை முதலாளி ஒவ்வொரு வரியாகப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டார். பிளேட் ரூம் பற்றி வெள்ளிக்கிழமை பேசலாம் என்றார்.

ஆரோக்கியண்ணனிடமும் மன்னிப்புக் கேட்டேன். "ஈரலெல்லாம் தங்கமாட்டம் இருக்குதுங்க மேடம். ஊட்டுல மட்டும் நீங்களே வந்து சொல்லிப்போடுங்க, நான் சொன்னா நிறுத்த மாட்டேங்குறா" என்றார்.

நவம்பர் 20, வியாழன்

முகுந்தன் காலை பஸ்ஸில் வந்தார். கருவியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். ஒரே ஷீட்டை இரண்டு கருவியாலும் அளந்தோம். இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னன. டைல் வெள்ளைதான். மூச்சு வந்தது.

ஏழு இங்க்கையும் அடியிலிருந்து மறுபடி செட் பண்ணினோம். ஆரஞ்சு, பச்சை இரண்டும் சொன்னபடி கேட்டன. வயலெட் கடைசிவரை முரண்டு பிடித்து, சாயங்காலம் வழிக்கு வந்தது. அவர் அதிகம் பேசவில்லை, வேலை மட்டும்தான். நானும் சேலை பற்றி எதுவும் பேசவில்லை. நேற்றே இஸ்திரி போட்டு வைத்திருந்ததால் பச்சைதான் கட்டியிருந்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

காலையில் முதல் ஷீட் வந்ததும் கை வழக்கம்போலக் கருவிக்குப் போனது. எடுக்காமல் ஷீட்டை ஆரோக்கியண்ணனிடம் கொண்டுபோனேன். "அண்ணா, மஞ்சளாத் தெரியுதுங்களா?" என்று கேட்டேன். அவர் ஷீட்டைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தார்.

"இல்லீங்க மேடம். இது கத்திரிப்பூதானுங்க."

அப்புறம்தான் அளந்தேன். டெல்டா 1.3. அன்றைய 0.9-ஐவிடக் கூடத்தான், ஆனால் நிஜம்.

விசாலம் மேடம் இந்தத் தடவை கைப்பையில் ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார்கள். உள்ளே அவர்கள் வீட்டுத் தொட்டியில் பறித்த கத்திரிப்பூ. பெட்டி மூடியின் மேல் வைத்தார்கள். நடுவிலிருந்த மஞ்சள் மகரந்தம் மட்டும்தான் தனியாகத் தெரிந்தது, இதழ் எங்கே முடிகிறது, அட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சரி, அடிங்க என்றார்கள். அவ்வளவுதான். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

போகும்போது முதல் தடவை ஏன் அப்படி வந்தது என்று கேட்டார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் பொட்டுக் கதையைச் சொன்னேன். மேடம் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். அவர்கள் கடை பில்லிங் மெஷினுக்குள்ளே யாரோ குங்குமம் வைத்து இரண்டு நாள் பில்லே வரவில்லையாம்.

பிளேட் ரூம் பற்றி முதலாளி பேசவில்லை. கதவில் நான் ஒட்டியிருந்த மஞ்சள் சட்டை நோட்டீசைக் கிழித்துவிட்டு உள்ளே வந்தார். டைலில் பொட்டு வைக்கக்கூடாது என்று புதிதாக ஒன்று எழுதி ஒட்டச் சொன்னார். அந்த டைலுக்கு இனி நமஸ்காரம் மட்டும்தான்.

முகுந்தனைக் குடோனிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி கோயமுத்தூர் பக்கம்தானாம். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் சேலையைக் காட்டி (இன்றும் பச்சைதான், வேறு எதுவும் இஸ்திரி போடவில்லை), நான் அன்னைக்குச் சொன்னது சரிதானே என்றார். அளந்தால்தான் தெரியும் என்றேன். அப்ப அளங்க என்று கருவியை எடுத்து நீட்டினார். அவருடைய கருவி, ஆடாமல் நிற்கிற கை. முந்தானையை மேசையில் விரித்தேன்.

மயில் பச்சைதான். ஒப்பணக்கார வீதிக் கடைக்காரரிடம் மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்க் கம்பெனி ஆள் மாதம் ஒருமுறை தன் கருவியோடு வந்து எங்கள் கருவியைச் சரிபார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். வாரம் ஒருமுறை என்றாலும் தப்பில்லை. டைலை மறுபடி வெயிலில் வைக்க வேண்டி வந்தால், இந்த ஊர் மழையை நம்ப முடியாது.